யேசுவுக்கு மெலிய மருந்து

மருந்துக்கடையிலே புதிதாக நிற்க வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் மருந்துகளின் பெயர் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்து வந்தவர்கள். நான் மடத்துவெளிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சிலேற்றைக் கீழே வைத்தவன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஊர்காவற்றுறையில் வந்து இறங்கி, தம்பையாவின் மருந்துக்கடை எங்கே என்று கேட்டால், கேட்டவரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து என் வாசலில் விடுவார்கள். நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் வந்தவர்களுக்கும் நயினாதீவுக்காரருக்கும் மருந்து கட்டிக் கொடுத்தவன் நான். என் கைராசிக்கு வந்த சனம் வேறு கடைக்குப் போனதில்லை. வேறு கடை இருந்ததா என்று கேட்காதீர்கள்.

நான் முதலில் அந்தக் கடையில் போத்தல் கழுவச் சேர்ந்தேன். கடை, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவருடையது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்தாலும், என்ன வருத்தம் என்று வந்தாலும், முதலில் இரண்டு கேள்வி கேட்பார். "நேற்று என்ன சாப்பிட்டனீர்? எங்கை சாப்பிட்டனீர்?" காய்ச்சலுக்கும் அதுதான், காதுவலிக்கும் அதுதான். ஒருநாள் காலில் முள் ஏறி வந்தவரிடமும் கேட்டார். நான் உள்ளே போத்தல்களுக்கு நடுவில் நின்று சிரித்தேன். பிறகு அவர் கடையை என் கையில் தந்துவிட்டுப் போனபோது, அலுமாரியை வைத்துக்கொண்டேன், தராசை வைத்துக்கொண்டேன், அந்த இரண்டு கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கு ஆளைப் பார்த்தாலே வருத்தம் தெரியும் என்று நினைப்பு.

அறுபதுகளின் நடுவில் கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கொம்பனிக்காரர் மெலிகிற மருந்து கொண்டுவந்தார். இரண்டு சாமான். ஒன்று குளிசை, அதாவது மாத்திரை. போட்டால் பசி எடுக்காது, உடம்பு தானாக வற்றும் என்றார். மற்றது தகர டப்பாவில் வருகிற பூச்சு மருந்து. வயிற்றில் பூசித் தேய்த்தால் கொழுப்புக் கரையுமாம். மூடியைத் திறந்தால் கற்பூரமும் வலிக்குப் பூசுகிற நோவெண்ணெயும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். இன்றைக்கு அந்தக் குளிசையை நீங்கள் தொடவும் மாட்டீர்கள். அன்றைக்கு அது புதுமை. தீவுப்பகுதியில் அதை முதன்முதலில் வைத்திருந்தவன் நான்தான்.

முதலில் வாங்கியவர் புங்குடுதீவுக்காரர் ஒருவர். தென்பகுதியில் கடை வைத்து, கல்லாவில் இருந்து இருந்தே உடம்பு வைத்தவர். பூச்சு மருந்தை வாங்கிக்கொண்டு போய் மனைவியைக் கொண்டு காலையும் மாலையும் தேய்ப்பித்தார். ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவர் அப்படியே இருந்தார். மனைவி பாதியாகியிருந்தார். "உங்கடை மருந்து வேலை செய்யுதுதான் அண்ணை, ஆனால் ஆள் மாறி வேலை செய்யுது" என்றார் அந்த அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்போடு விட்டேன். தேய்க்கிற கை மெலிந்ததென்றால் மருந்தில் என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

அடுத்து வந்தவர் சூசைப்பிள்ளை.

பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். நல்ல உயரம். முன்னால் பெரிய வண்டி. வண்டி என்றால் எங்கள் ஊரில் வயிறு. மதிய வெயிலில் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்ணை, உள்ளை ஒருத்தரும் இல்லைத்தானே?"

"நீர் வந்தாப் பிறகு இன்னொருத்தர் நிக்க இடமும் இல்லை."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு மெலிய வேணும். பெரிய வெள்ளிக்கு முந்தி மெலிய வேணும்."

விஷயம் இதுதான். அவர்களுடைய கோயில் முற்றத்தில் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பின்னேரம் யேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். ஆறு வருஷமாகச் சூசைப்பிள்ளைதான் யேசு. முதல் வருஷம் சிலுவையில் அவரைத் தூக்கியபோது விலா எலும்பை எண்ணலாமாம். வருஷத்துக்கு வருஷம் எலும்பு மறைந்து, போன வருஷம் வண்டி முன்னால் வந்துவிட்டது. வள்ளம் இழுக்கிற எட்டுப் பேர்தான் சிலுவையையும் கயிறு போட்டு நிமிர்த்துவார்கள். அதில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "வள்ளத்தையும் சேர்த்தோ கட்டியிருக்கு?" என்று கேட்டது பெண்கள் பக்கம் வரை கேட்டுவிட்டது. சனம் அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டது.

"அண்ணாவியார் சொல்லிப்போட்டார்" என்றார் சூசைப்பிள்ளை. அண்ணாவியார் என்றால் நாடகம் பழக்குகிறவர். "இந்த முறை வண்டி வத்தாட்டி வேறை ஆளாம்."

"போனால் போகட்டும். ஒரு வேஷம்தானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"அண்ணை, நான் முந்தி எப்பிடி இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். கள்ளுத் தவறணையிலிருந்து அவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு என் கடையைக் கடந்து போவதைப் பலநாள் பார்த்திருக்கிறேன். யேசுவாக நடிக்கிறவர் குடிக்கக்கூடாது என்று கோயில் சுவாமியார் சொல்லித்தான் அந்த வேஷத்தைக் கொடுத்தார். அன்றைக்கு விட்டவர் ஆறு வருஷமாகத் தொடவில்லை.

"அந்த உடுப்பைக் கழட்டினன் எண்டால் என்ரை கால் நேரே தவறணைக்குத்தான் போகும். என்னை எனக்குத் தெரியும் அண்ணை."

இப்படிச் சொல்லி வந்த மனிசனிடம் நான் செய்திருக்கவேண்டியது என்ன? இரண்டு கேள்வி. நான் செய்தது என்ன? குளிசைப் போத்தலையும் பூச்சு மருந்து டப்பாவையும் எடுத்து மேசையில் வைத்து, "காலமை ஒண்டு, மத்தியானம் ஒண்டு. வண்டியிலை வடிவாத் தேயும். மிச்சத்தை என்னட்டை விடும்" என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மருந்து வேலை செய்தது. அதைத்தான் கவனிக்கவேண்டும், வேலை செய்தது. மீன் வாடியில் சுறா நிறுக்கிற தராசில் கிழமைக்கு ஒருதரம் ஏறி நிற்பார். வாடிக்காரர் கத்திச் சொல்லுவார். கிழமைக்குக் கிழமை முள் இறங்கியது. எனக்குத் தலை கால் தெரியவில்லை. துறைமுகத்தடியில் கண்டவனையெல்லாம் நிறுத்தி, "யேசுவை மெலிய வைக்கிறது ஆர் தெரியுமோ? ஒரு சைவக்காரன்" என்று சொன்னேன். சொல்லாத ஆள் இல்லை. கேட்கிறவர்களும் சிரித்தார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம், என் கைவேலையைப் பார்க்கலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். கோயில் முற்றத்துக்குள் நுழைய முந்தியே நோவெண்ணெய் மணந்தது. ஒருவரைப் பார்த்து, "ஆருக்கு நோ?" என்றேன்.

"ஒருத்தருக்கும் இல்லை. அது யேசு" என்றார்.

தோட்டத்தில் யேசு செபம் பண்ணுகிற காட்சி. சீடர்கள் நித்திரையாகிவிடுகிற இடம். யேசு முழந்தாளில் நின்று மெதுவாகப் பேசவேண்டும். சூசைப்பிள்ளை நிற்கவே இல்லை. அங்கும் இங்கும் நடந்தார். வசனம் வாயிலிருந்து மழை மாதிரிக் கொட்டியது, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் மூச்சு இல்லை. பிறகு நித்திரையாய்க் கிடந்த பேதுருவின் முன்னால் வந்து நின்றார்.

"எழும்பு. எப்ப பாத்தாலும் நித்திரை. வலை தைக்கேக்கையும் நித்திரை, வள்ளத்திலையும் நித்திரை. நான் கண் மூடி மூண்டு நாள், உனக்கு மட்டும் எங்கையிருந்து வருகுது?"

பேதுரு ஒரு கண்ணைத் திறந்து, "அண்ணாவியார், இது நாடகத்திலை இருக்கோ?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. நான் அவருடைய கையைப் பார்த்துவிட்டேன். விரல் நுனி நடுங்கியது. கண் இரண்டும் விரிந்து கிடந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவரைப் பக்கத்திலிருந்த பூவரச மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடியை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையைத் தவறவிட்டேன். அப்படி ஓடியது. சட்டைக்கு மேலாலேயே நெஞ்சு துடிப்பது தெரிந்தது.

அப்போதுதான் என் வாயில் அந்தக் கேள்வி வந்தது. இத்தனை வருஷம் கழித்து.

"நேற்று என்ன சாப்பிட்டனீர்?"

"நேற்றோ? கஞ்சி."

"எத்தினை தரம்?"

"ஒருதரம். தபசு காலமெல்லோ அண்ணை. நாங்கள் ஒருநேரம்தான்."

நாற்பது நாள் நோன்பு. நான் சைவக்காரன், ஆனால் கத்தோலிக்க சனத்துக்கு நடுவில் கடை வைத்தவன். கோயில் மணி என் கடைக்குள் கேட்கும். தபசு காலத்தில் மீன்காரர் வீடுகளில் ஒருநேரச் சாப்பாடு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நோன்பு இருக்கிற மனிசனுக்குப் பசியை அடக்கக் குளிசை கொடுத்திருக்கிறேன்.

"குளிசை எத்தினை போடுறீர்?"

அவர் கீழே பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற அவருடைய மனைவி திரேசம்மா பதில் சொன்னார்.

"நாலு அண்ணை. ரெண்டு போட்டு இவ்வளவு வத்தினால் நாலு போட்டால் கெதியாய் வத்துமாம். அந்த மருந்தைப் பூசிக்கொண்டு மத்தியான வெயிலிலை கடற்கரை மணலிலையும் கிடக்கிறார். கொழுப்பு உருகுதாம்."

"இவருக்கு இவ்வளவு உடம்பு வந்தது எப்பிடி? வீட்டிலை அப்பிடிச் சாப்பாடோ?"

திரேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வீட்டிலையோ? இவர் வீட்டிலை சாப்பிட்டு ஆறு வருஷம். யேசுவாய் நடிச்சவரைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்தால் வீட்டுக்கு நல்லது எண்டு ஊரிலை ஒரு வழமை. உயிர்த்த ஞாயிறு தொடங்கினால் அடுத்த தபசு மட்டும் ஒவ்வொரு வீடாய் அழைப்பு. ஒரு வீட்டிலை நண்டு, மற்ற வீட்டிலை பண்டியிறைச்சி. வேண்டாம் எண்டால் யேசு எங்கடை வீட்டை வெறுத்துப்போட்டார் எண்டு அழுகினம்."

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். நான் அப்போது பூவரச மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்த வேஷம்தான் அவரைக் கொழுக்க வைக்கிறது. அந்த வேஷத்தைக் காப்பாற்றத்தான் குளிசை. குளிசை நெஞ்சை உடைக்கப் பார்க்கிறது. இரண்டு கேள்வி கேட்டிருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும்.

"குளிசைப் போத்தலைத் தாரும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை மட்டும் பொறுங்கோ அண்ணை. மூண்டு நாள். அதுக்குப் பிறகு கடலிலை எறியிறன்."

இங்கேதான் தம்பிமாரே, நம் வேலையில் கஷ்டமான இடம். என்னிடம் இரண்டு வழி இருந்தது. குளிசையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம். அவர் வெள்ளிக்கிழமை சிலுவையில் ஏறுவார். கையை விரித்துக் கட்டி, வெயிலில் அரைமணி நேரம் தொங்க விடுவார்கள். ஒன்றும் நடக்காமலும் போகலாம். என் பெயரும் கெடாது. மற்ற வழி, அத்தனை சனத்துக்கு முன்னால் போய், யேசுவை மெலிய வைக்கிறேன் என்று பீற்றிக்கொண்ட அதே வாயால், பிழை என்று சொல்வது. என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அதுவரை நான் பாவித்ததில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்றே தெரியாது.

அவருடைய மணிக்கட்டு இன்னும் என் கையில் இருந்தது. அது துடித்த துடிப்புத்தான் என்னை நடக்க வைத்தது. முற்றத்தின் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணாவியார், சூசைப்பிள்ளையைச் சிலுவையிலை ஏத்தாதேங்கோ. நான் குடுத்த குளிசையாலை அவருக்கு நெஞ்சு ஓடுது. நோன்பு எண்டு தெரிஞ்சும் கேளாமல் குடுத்தனான். பிழை என்ரை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாவியார் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டார்.

"தம்பையா, இண்டைக்குச் செவ்வாய். வெள்ளிக்கு நான் யேசுவுக்கு எங்கை போக?"

சூசைப்பிள்ளை மரத்தடியிலிருந்து வந்து, மணலில் கிடத்தியிருந்த சிலுவையின் மேலேயே இருந்துவிட்டார். "நான் இதைவிட்டு எழும்பமாட்டன்" என்றார். "என்னை இதோடை சேர்த்துத் தூக்குங்கோ."

அப்போது யூதாஸ் முன்னால் வந்தான். யூதாஸாக நடிக்கிறவன் மரியான், சூசைப்பிள்ளையின் வள்ளத்திலேயே தொழில் செய்கிறவன், அவருக்கு மச்சான் முறை. சூடைக்கருவாடு மாதிரி ஒட்டி உலர்ந்த உடம்பு. அவனைப் பார்த்ததும் என் வாயில் தானாகவே வந்தது.

"நேற்று எங்கை சாப்பிட்டனீர்?"

"வீட்டிலைதான் அண்ணை. யூதாஸை ஆர் சாப்பிடக் கூப்பிடுகினம்?"

சொல்லிவிட்டுச் சூசைப்பிள்ளைக்குப் பக்கத்தில் மணலில் குந்தினான்.

"மச்சான், ஆறு வருஷமாய் உன்னைக் காட்டிக்குடுக்கிறன். உன்ரை வசனம் முழுக்க எனக்குப் பாடம். வள்ளத்திலை நீ சொல்லிப் பாக்கேக்கை நானும் வாய்க்குள்ளை சொல்லுவன். என்ரை மகளைப் பள்ளிக்கூடத்திலை யூதாஸின்ரை மகள் எண்டுதான் கூப்பிட்டவை. இப்ப அவளுக்குச் சம்பந்தம் பேசுறம். அங்கையும் அதையே சொல்லிச் சிரிச்சினமாம். ஒருக்கா நான் தொங்கிறனே."

சூசைப்பிள்ளை விரலால் மணலைக் கிளறினார். பிறகு, "அப்ப நான் ஆர்?" என்றார்.

"நீ யூதாஸ்."

"இந்த வண்டியோடையோ?"

அண்ணாவியார் அவரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். "முப்பது வெள்ளிக்காசு வாங்கித் திண்ட ஆளுக்கு வண்டி இருக்கிறதிலை என்ன பிழை?" என்றார்.

சூசைப்பிள்ளை எழும்பினார். சிலுவையை விட்டு எழும்பினார் என்பதைக் கவனிக்கவேண்டும். மடியிலிருந்து குளிசைப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். "நான் தவறணைக்குப் போனால் நீங்கள்தான் பொறுப்பு அண்ணை" என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அடுத்தநாள் காலையில் நானே அவரைச் சைக்கிள் பாரில் ஏற்றி டொக்டர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அந்த உடம்பைப் பாரில் ஏற்றி மிதித்தவன் தீவுப்பகுதியில் நான் ஒருவன்தான். டொக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, குளிசையை நிறுத்தியது நல்லது, மூன்றுநேரமும் சாப்பிடவேண்டும், ஒரு மரத்திலும் ஏறக்கூடாது என்றார். சுவாமியாரும் வருத்தக்காரருக்கு நோன்பு இல்லை என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நாடி ஒழுங்குக்கு வந்தது. நாளுக்கு மூன்றுதரம் போய் எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் சனத்தோடு முன்வரிசையில் மணலில் இருந்தேன். குளிசையை நிறுத்தச் சொன்னோம், பூச்சு மருந்தை நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம். "பூசாட்டி வண்டி குளிருது அண்ணை" என்று சூசைப்பிள்ளை பிறகு சொன்னார். அன்றைக்கு வேஷம் கட்ட முந்தி வழித்துப் பூசியிருக்கிறார். யூதாஸ் வந்து யேசுவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிற காட்சி. சூசைப்பிள்ளை கட்டிப்பிடித்தார். கற்பூரமும் நோவெண்ணெயும் சேர்ந்து மரியானின் முகத்தில் அடித்தது. மரியானின் இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, யூதாஸ் இறுக்கிப் பிடித்திருக்கிறார். காட்டிக்கொடுத்தவனைப் பார்த்து யேசு இப்படி அழுததை அந்தச் சனம் ஒருநாளும் கண்டதில்லை. பெண்கள் பக்கம் ஒரு விம்மல் எழும்பி, ஆண்கள் பக்கம் வந்து, எனக்கு முன்னால் இருந்த வாடிக்காரரும் சால்வையால் மூக்கைத் துடைத்தார். என் பூச்சு மருந்து கொழுப்பைக் கரைக்கவில்லை. ஊரைக் கரைத்தது.

சிலுவை நிமிர்ந்தபோது பாய்மரம் மாதிரி லேசாக எழும்பியது. எட்டுப் பேரில் ஒருவனும் மூச்சு வாங்கவில்லை. மரியானின் விலா எலும்பை நான் என் இடத்திலிருந்தே எண்ணினேன். காசுப் பையை எறிந்துவிட்டு அழுதுகொண்டு ஓடிய யூதாஸின் மேல் ஒரு கிழவி கையிலிருந்த ஓலைப்பெட்டியை எறிந்தார். அது சூசைப்பிள்ளையின் முதுகில் பட்டது. அந்தப் பெட்டியை அவர் எடுத்துக்கொண்டுபோய் வீட்டுச் சுவரில் மாட்டினார். ஆறு வருஷம் யேசுவாய் நின்றபோது கிடைக்காத மாலை அது என்றார்.

குளிசைகளை நான் கடலில் கொட்டவில்லை, அது பிழையான வேலை. கட்டி வைத்து, கொம்பனிக்காரர் அடுத்தமுறை வந்தபோது திருப்பிக் கொடுத்தேன். "தீவிலை ஓடேல்லையோ?" என்று கேட்டார். "ஓடினது, ஆனால் நெஞ்சும் சேர்ந்து ஓடினது" என்றேன்.

அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், வாசலில் ஒருவர் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி முதலில் உள்ளே வந்தது, பிறகு ஆள் வந்தார். மரியான்.

"அண்ணை, மெலியிறதுக்கு..."

"நேற்று எங்கை சாப்பிட்டனீர்?"

விரலை மடித்து வீடுகளைச் சொல்லத் தொடங்கினான். நேற்று ஒருநாளுக்கே மூன்று விரல் போனது. அவனுக்குப் பின்னால் ஒரு மெலிந்த ஆள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். எனக்கு அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. சூசைப்பிள்ளை. வண்டி போன இடம் தெரியவில்லை.

"நீர் எப்பிடி இப்பிடி?"

"யூதாஸை ஆர் கூப்பிடுகினம் அண்ணை? திரேசம்மாவின்ரை சோறும் மீனும்தான். குளிசையை விட வடிவாய் வேலை செய்யுது."

தவறணைப் பேச்சை நான் எடுக்க யோசித்தேன். அவரே எடுத்தார். "பயப்பிடாதேங்கோ, போகேல்லை. யேசு குடிச்சாலும் மன்னிச்சு விடுவினம். யூதாஸ் குடிச்சால் விடுவினமோ? பாத்தியோ, பாத்தியோ எண்டு ஊர் முழுக்கக் கத்தும். அவைக்கு அந்தச் சந்தோஷத்தைக் குடுக்கமாட்டன்."

"அப்ப இந்த முறை நீரே ஏறலாமே. உடம்பு இருக்கு."

சூசைப்பிள்ளை மரியானைப் பார்த்தார். "இல்லை அண்ணை. இவன்ரை மகளுக்கு உயிர்த்த ஞாயிறு கழியக் கலியாணம். கலியாண வீட்டிலை அவள் யேசுவின்ரை மகளாய் இருக்கட்டும். இவனை மெலிய வைக்க வழி இருந்தால் சொல்லுங்கோ."

நான் அலுமாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் வைத்து, என் வாழ்க்கையில் எழுதிய மருந்துகளுக்குள் சிறந்த மருந்தை வாயால் சொன்னேன்.

"மரியான், கூப்பிடுற வீட்டை வேண்டாம் எண்டு சொல்லாதையும். ஆனால் ஆர் கூப்பிட்டாலும், யூதாஸையும் கூப்பிட்டால்தான் வருவன் எண்டு சொல்லும். போடுறதிலை பாதி அவருக்கு. காலமை, மத்தியானம், இரவு. தவறவிடக்கூடாது."

முதலில் ஊர் முணுமுணுத்ததாம். யேசு வந்த வீட்டுக்குள் யூதாஸ் எதற்கு என்று கேட்டார்களாம். அண்ணாவியார்தான், கடைசி இராப்போசனத்தில் யூதாஸ் எங்கே இருந்தவன் என்று திருப்பிக் கேட்டு அடக்கினார். தபசு தொடங்க முந்தியே மரியானின் வண்டி இறங்கத் தொடங்கியது. பெரிய வெள்ளியன்று சிலுவை நிமிர்ந்தபோது எலும்பை எண்ண முடியாவிட்டாலும், ஒருவரும் சிரிக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று ஒரு வீட்டில் எனக்கும் அழைப்பு. குசினிக்குப் பக்கத்து அறையில் பாய் விரித்து மூன்று பேரையும் இருத்தினார்கள். நான் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன், எனக்கு வேறாகப் போட்டார்கள். மரியானுக்கு முன்னால் நண்டுக்கறி ஆவி பறந்தது. பக்கத்தில் சூசைப்பிள்ளைக்கு ஒரு வெறும் சாப்பாட்டுக் கோப்பை. வீட்டுக்கார அம்மா கையை முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சூசைப்பிள்ளை கையை நீட்டி, மரியானின் கோப்பையிலிருந்து சோற்றில் பாதியை வகிர்ந்து எடுத்தார். பிறகு நண்டின் உடம்பில் பாதி. பிறகு பெரிய காலைப் பிடித்தார்.

"மச்சான், அந்தக் கால் என்ரை" என்றான் மரியான்.

"விடடா" என்றார் சூசைப்பிள்ளை. "மருந்தெண்டு நினைச்சு விடு."